வடித்த தண்ணீர்

எங்கள் வீட்டில் தோட்டம் போட்டது அவர்தான். நான் ஒருநாளும் அதற்கு ஆசைப்பட்டதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதும் யாராவது வந்து பின்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சருக்குச் செடி கொடின்னா உயிர் போல" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்குச் செடி என்றால் சேறு. அவர் காலோடு ஒட்டிக்கொண்டு அடுப்படிவரை வந்த சேறு. அதைத் துடைத்துத் துடைத்தே என் இடுப்பு போயிற்று.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் அந்த வீட்டை நாங்கள் வாங்கியபோது தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. என் வீட்டுக்காரர் மாநில அரசு அலுவலகம் ஒன்றில் சூப்பிரண்டெண்டாக இருந்தார். அவருடைய அப்பாவும் இதே ஊரில் அரசு உத்தியோகம் பார்த்தவர். வீட்டில் தமிழ், ஆபீசில் கன்னடம் என்று வளர்ந்தவர் என்பதால், கோபம் வந்தால் மட்டும் அவருக்குக் கன்னடம்தான் வரும். நான் பக்கத்துப் பள்ளிக்கூடமொன்றில் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு ஒரே பையன். வீட்டின் பின்னால் குளியலறைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே நீளவாக்கில் கொஞ்சம் இடம் கிடந்தது. வாஷிங் மெஷின் வாங்கினால் அங்கே ஒரு ஷெட் போடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

அவர் வேறு கணக்குப் போட்டிருந்தார். அந்த இடத்தில் மண்ணே கிடையாது. பழைய வீட்டுக்காரர்கள் இடித்துக் கொட்டிய ஓடும் செங்கல்லும் உடைந்த பீங்கானும்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொத்தனார் மணல் சலிக்கும் சல்லடையில் அதையெல்லாம் சலித்து எடுத்தார். ஒரு வண்டி செம்மண் வந்து இறங்கியது. தெருவில் போகிறவர்கள் நின்று, வீடு கட்டறீங்களா சார் என்று கேட்டார்கள். அவருக்கு அதில் ஒரு பெருமை.

தக்காளி, தண்டுக்கீரை, கொத்தமல்லி, புதினா. சுவரோரம் ஒரு வாழை. குளியலறைக் கூரைமேல் சௌசௌ கொடி. கம்பி கட்டி அதில் அவரை. இந்த ஊரில் சப்சிகே சொப்பு என்று ஒரு கீரை உண்டு, சதகுப்பை என்று தமிழில் சொல்வார்கள், அதன் வாசனை கையில் ஒட்டினால் மறுநாள்வரை போகாது. அதுவும் ஒரு பாத்தி. காலையில் காப்பிக்கு முன்னால் பின்பக்கம் போய்விடுவார். திரும்பும்போது நாலு தக்காளியோ ஒரு பிடி கீரையோ கொண்டுவந்து மேடையில் வைப்பார். என் கையில் கொடுக்க மாட்டார். நானாகப் பார்த்து ஆகா என்று சொல்ல வேண்டுமாம். நான் சொன்னதில்லை. கீரையில் மண் இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

ஆனால் அந்தக் கீரையில் பஸ்ஸாரு வைத்தால் நானும் ஒரு பிடி கூடவே சாப்பிடுவேன். பஸ்ஸாரு இந்த ஊர்ச் சமையல். கீரையையும் அவரைக்கொட்டையையும் ஒன்றாக வேகவைத்து, வெந்த தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடித்த கீரையைத் தாளித்துப் பொரியல். அந்த வடித்த தண்ணீரில்தான் விஷயமே இருக்கிறது. வெங்காயம், பூண்டு, சீரகம், தேங்காய், காய்ந்த மிளகாய் எல்லாம் வறுத்து அரைத்து அதில் கரைத்து, புளி விட்டுக் கொதிக்கவைத்தால் அதுதான் பஸ்ஸாரு. களிக்கும் ஆகும், சோற்றுக்கும் ஆகும். நான் வைப்பது சுமார். என் நாத்தனார், அதாவது அவருடைய அக்கா வைத்தால் தெருவே சாப்பிட வந்துவிடும். சின்ன வயதிலேயே தாயில்லாமல் போன தம்பியை இடுப்பில் வைத்து வளர்த்தவர் அவர். கணவன் போன பிறகு மர்பி டவுனில் மகள் வீட்டோடு இருந்தார். மாதத்தில் இரண்டு தடவையாவது பஸ் ஏறி வருவார். வந்தால் நேராக என் அடுப்படிதான். தம்பி தோட்டத்திலிருந்து பறித்துக் கொடுக்க, அக்கா வைத்துக் கொடுக்க, எனக்கு அன்றைக்கு லீவு.

என் வீட்டுக்காரருக்குக் கால் வீங்கியபோது ஈரத்தில் நிற்பதால் என்று நினைத்தோம். மூஞ்சி வீங்கியபோது தூக்கம் போதவில்லை என்று நினைத்தோம். பிரஷர் மாத்திரையை வருஷக்கணக்காக ஒழுங்காகப் போடாத மனிதர். ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது இரண்டு சிறுநீரகமும் பெரும்பாலும் போய்விட்டிருந்தன. வாரத்துக்கு இரண்டு முறை டயாலிசிஸ் என்றார்கள். மாற்றுச் சிறுநீரகம் வைக்கலாம் என்றால் என் ரத்த வகை அவருக்குச் சேரவில்லை. பையனுடையது சேர்ந்தது, ஒன்றைத் தருகிறேன் என்றும் சொன்னான். இவர் முடியாது என்றுவிட்டார்.

"அவன் இன்னும் சம்பாதிக்கவே ஆரம்பிக்கல. அவன்கிட்ட இருந்து பிடுங்கித் தின்ன நான் என்ன பேயா?"

நான் அழுதேன், சண்டை போட்டேன், ஒருநாள் தட்டை விட்டெறிந்தேன். அவர் கன்னடத்தில் திட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அந்த முடிவை நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் சாப்பாடு பற்றிச் சொல்ல ஒரு சின்னப் பெண் இருந்தாள். எங்கள் பையன் வயதுதான் இருக்கும். தக்காளி கூடாது சார். கீரை எதுவும் கூடாது. வாழைப்பழம், வாழைத்தண்டு, வாழைப்பூ கூடாது. அவரை, மொச்சை, பருப்பு கூடாது. இளநீர் கூடவே கூடாது. கொத்தமல்லி, புதினாகூட வாசனைக்கு ஒரு இலை போட்டால் உண்டு. அவள் சொல்லச் சொல்ல, அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அவள் எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக்கு வந்ததேயில்லை. வந்து ஒவ்வொரு பாத்தியாகக் காட்டிச் சொன்னாலும் இதைவிடச் சரியாகச் சொல்லியிருக்க முடியாது.

எல்லாம் பொட்டாசியம். கெட்டுப்போன சிறுநீரகம் அதை வெளியே தள்ளாது. ரத்தத்தில் சேர்ந்தால் இதயம் தடுமாறும், சில சமயம் நின்றும்விடும். நான் எட்டாம் வகுப்புக்கு இருபது வருஷமாக நடத்திய பாடம் இது. செடிக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று மூன்று வேண்டும். சாம்பல் சத்து இருந்தால்தான் காய் நன்றாகப் பிடிக்கும், பழம் ருசிக்கும். அந்தச் சாம்பல் சத்துதான் பொட்டாசியம். அடுப்புச் சாம்பலை வாங்கிவந்து தக்காளிக்குப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் மூக்கில் விரல் வைக்கும்படி காய்க்கவைத்தவர் இவர். அத்தனையும் இப்போது இவருக்கு விஷம். பாடம் நடத்தத் தெரிந்தவளுக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன்.

அன்றிலிருந்து அவரை உயிரோடு வைத்திருப்பது என் அடுப்படி வேலை ஆயிற்று. சௌசௌ, சுரைக்காய், பீர்க்கங்காய் மாதிரி சிலது மட்டும் கொடுக்கலாம். அதையும் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டி, மறுபடி நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் வடித்துவிட வேண்டும். உப்பு பேருக்கு. புளி கூடாது. வடித்து முடித்தால் சட்டியில் கிடப்பதற்கு நிறமும் இருக்காது, வாசனையும் இருக்காது. வாயில் போட்டால் நனைந்த துணி. அவருடன் சேர்ந்து நானும் சில நாள் அதையே சாப்பிட்டுப் பார்த்தேன். கொஞ்ச நாளில் ஊறுகாய் ஜாடியைத் திறந்துவிட்டேன். அதன்பிறகு அவருக்குத் தனிச் சட்டி, எங்களுக்குத் தனிச் சட்டி. அவர் சட்டியில் இருப்பதை வேறு யாரும் தொட்டதில்லை.

வடித்த தண்ணீரைப் பின்கதவுக்குப் பக்கத்தில் ஆறவைப்பேன். அவர் அதை எடுத்துக்கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றுவார். "டீச்சர் சொல்ற சத்து எல்லாம் இதுலதான் இருக்கு" என்று தக்காளிச் செடியிடம் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். தக்காளி அந்த வருஷம் கொத்துக் கொத்தாய்க் காய்த்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

தண்ணீருக்கும் அளவு. காப்பி, மோர் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று டம்ளர். பெங்களூர் வெயில் ஒன்றும் பெரிய வெயில் இல்லைதான், ஆனாலும் மார்ச், ஏப்ரலில் அவர் நாக்கு வெடித்துக் கிடந்தது. அந்த நாக்கோடு சாயங்காலம் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் விடுவார். இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக் குழாயைச் சேர்த்துத் தைத்திருந்ததால் அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது. வலது கையால் விடுவார். நான் பின்கதவில் நின்றுகொண்டு பார்ப்பேன். குடிக்கிறாரா என்று பார்ப்பதற்காகத்தான் நின்றேன், வேறெதற்கும் இல்லை. ஒருநாள் பைப்பு முனையைக் கொஞ்சம் மேலே திருப்பி முகத்தில் அடித்துக்கொண்டார். நான் கத்தினேன்.

"மூஞ்சி கழுவினேன் டீச்சரம்மா. அதுக்கும் அளவு இருக்கா?"

எனக்கு அழுகை வந்தது. உள்ளே வந்துவிட்டேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் டாக்டர்கள். வாழைத்தண்டுச் சாறு கொடுங்க, கிட்னிக்கு அதைவிட மருந்தே இல்ல. மூக்கிரட்டைக் கீரை கொடுங்க, எங்க மாமாவுக்குக் கல்லே கரைஞ்சிருச்சு. வீட்டிலேயே வாழை வெச்சுக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு அலையிறீங்களே. இதையெல்லாம் அவர் காதுபடச் சொல்வார்கள். கல்லுக்குக் கொடுப்பதும் கெட்டுப்போனதற்குக் கொடுப்பதும் ஒன்றல்ல என்று நான் வாய் வலிக்கச் சொல்வேன். படித்த திமிர் என்று பேசிக்கொண்டார்கள். ஒருநாள் பையனை விட்டு அந்த வாழையை வெட்டச் சொல்லி, கிழங்கோடு தோண்டி எடுத்துப் போட்டேன். தண்டைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். எடுத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"ஏங்க, திங்க முடியாததை எதுக்கு இன்னும் வளர்க்கணும்? பேசாம ரோஜா வெச்சிருங்களேன்" என்று அவரிடமும் கேட்டுப் பார்த்தேன்.

"ரோஜாவை யாரு திங்கறது?" என்றார்.

பறிப்பதை எல்லாம் தெருவில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, எப்படிச் சமைத்தார்கள் என்று மறுநாள் போய்க் கேட்பார். தக்காளித் தொக்கா, எண்ணெய் பிரிஞ்சு வந்துச்சா, பூண்டு போட்டீங்களா என்று நின்று நிதானமாகக் கேட்பார். சிலபேர் சொல்லச் சங்கடப்பட்டார்கள். அவர் விடமாட்டார்.

பஸ்ஸாரு நடந்தது மறு வருஷம், டிசம்பர் மாதம். அவரை சீசன். இந்த ஊரில் அந்த மாதத்தில் தெருவுக்குத் தெரு அவரைக்காய் குவித்திருப்பார்கள், பனி விழுந்த காய்க்கு ஒரு தனி வாசனை ஏறியிருக்கும். பள்ளிக்கூடத்தில் எனக்கு அரைப் பரீட்சை. லீவு கிடைக்கவில்லை. பையன் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, கம்பெனி வண்டி விடிவதற்குள் வந்துவிடும். நாத்தனாரை வந்து இருக்கச் சொன்னேன். நானேதான் சொன்னேன். எப்படிச் சமைக்க வேண்டும் என்று நின்று காட்டினேன். நறுக்கணும், ஊறவைக்கணும், கொட்டணும், வேகவைக்கணும், வடிக்கணும்.

"வடிச்சுட்டுத்தானே குடுக்கணும்? அது இன்னா பெரிய விஷயம், நான் பார்த்துக்கறேன், நீ போம்மா" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. சொன்னபடி வடித்தார். தோட்டத்தில் தண்டுக்கீரை தளதளவென்று நின்றது, தம்பியே பறித்துக் கொடுத்திருக்கிறார். கீரையை வடித்துவிட்டால் கொடுக்கலாம்தானே என்று அக்கா கேட்க, இவர் கொடுக்கலாம் என்றிருக்கிறார். அவரைக்கொட்டையையும் போட்டு வேகவைத்து, ஒட்ட வடித்து, பொரியலைத் தட்டில் வைத்தாயிற்று. வடித்த தண்ணீர் பாத்திரம் நிறைய நிற்கிறது. அறுபது வருஷம் சமைத்த கை. அந்தத் தண்ணீரைக் கொட்டுவது என்றால் அவருக்குச் சோற்றைக் குப்பையில் கொட்டுவது மாதிரி. சாயங்காலம் நாங்கள் வந்தால் ஆகும் என்று வறுத்தரைத்து பஸ்ஸாரு வைத்திருக்கிறார். எங்களுக்காகத்தான் வைத்தேன் என்று பின்னால் என்னிடம் சத்தியம் செய்தார். நான் நம்புகிறேன்.

தம்பி அடுப்படிக்கு வந்து நின்றிருக்கிறார். பொரியலை ஓரமாகத் தள்ளி, சோற்றில் ஒரு கரண்டி ஊற்றச் சொல்லியிருக்கிறார். அக்கா தயங்கியிருக்கிறார். "காயைத்தான் கூடாதுன்னாங்க, தண்ணியச் சொல்லலக்கா" என்றாராம். எல்லாம் தெரிந்த மனுஷன். வடித்த தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தக்காளிச் செடிக்குப் பாடம் எடுத்தவர். ஒரு கரண்டி இல்லை, மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

நான் கேட்டைத் திறக்கும்போதே வாசனை வந்துவிட்டது. அவர் கட்டிலில் படுத்திருந்தார். காலைத் தூக்க முடியவில்லை என்றார். நாடி பிடித்துப் பார்த்தேன், ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே நான் மூச்சு விட்டு எடுத்தேன். ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு, அவசரமாக டயாலிசிஸில் ஏற்றி, எப்படியோ திருப்பிக் கொண்டுவந்தார்கள். டாக்டர் என்னைத்தான் திட்டினார். படித்தவங்கதானே அம்மா நீங்க, வீட்டில் இதைக்கூடப் பார்த்துக்க முடியாதா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாத்தனாரிடம் போனேன். "இனிமே என் அடுப்படிக்கு வராதீங்க" என்றேன். அவர் முந்தானையில் மஞ்சள் கறை இருந்தது, அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். நான் சொன்னது தப்பு என்று எனக்கு இன்றும் தோன்றவில்லை. என் வீட்டுக்காரர் செத்திருப்பார் அன்றைக்கு.

வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு கேட்டேன். "சாகணும்னுதானே சாப்பிட்டீங்க?"

"இல்லடி" என்றார். அவர் என்னை 'டி' போடுவது அபூர்வம். "சாகறதுக்கு யாராவது மூணு தடவை வாங்கிச் சாப்பிடுவாங்களா? ரொம்ப நாள் கழிச்சு சாப்பாடு வாசனை வந்துச்சு. பசிச்சுது. அவ்வளவுதான்."

நான் அடுப்படிக்குப் போய் சுரைக்காயை நறுக்கினேன். முன்னைவிடப் பொடியாக நறுக்கினேன். தண்ணீரை ஒருமுறை கொட்டிய இடத்தில் இரண்டுமுறை கொட்டினேன். பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவர் வாய்க்குப் பாராக் காவலாள் மாதிரி உட்கார்ந்தேன். நான் வைத்ததைச் சாப்பிட்டார். கேள்வியே கேட்கவில்லை. பிறகு தோட்டத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். தெருவில் போய் யார் என்ன சமைத்தார்கள் என்று விசாரிப்பதும் நின்றது. கன்னடத்தில் திட்டுவதும் நின்றது. நாத்தனார் வருவார். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தம்பியின் காலைப் பிடித்துவிடுவார். அடுப்படி வாசலைத் தாண்ட மாட்டார். தண்ணீர் வேண்டும் என்றாலும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார். பஸ்ஸாரு என்ற சொல்லையே அந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை.

என் காவல் பலித்தது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறவே இல்லை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் தலையசைத்து நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்றார். ஆனால் அவர் கரைந்துகொண்டே போனார். உடம்பெல்லாம் அரிப்பு. எலும்பெல்லாம் வலி. டயாலிசிஸ் போட்டுக்கொண்டு வந்தால் ஒரு நாள் முழுக்க எழுந்திருக்க மாட்டார். பிறகு இதயம் களைத்துப்போயிற்று, நடுவிலேயே பிரஷர் இறங்கி, மெஷினை நிறுத்த வேண்டி வந்தது. ஆகஸ்ட் மாதம் ஒருநாள் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அந்த மனிதர் எப்போதும் இங்கிலீஷில்தான் பேசுவார், அன்றைக்குக் கன்னடத்தில் பேசினார். "ஏனு கேள்த்தாரோ கொடி" என்றார். என்ன கேட்கிறாரோ கொடுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு அலைந்த எந்தக் குடும்பத்துக்கும் இதற்கு அர்த்தம் தெரியும். அத்தனை நாள் கூடாது கூடாது என்று சொல்லிவிட்டு, இப்போது கொடுங்கள் என்றால், இனிமேல் கூடாது என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். எனக்கு அந்த டாக்டரை அறைய வேண்டும் போல் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

"என்ன வேணும், சொல்லுங்க" என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றார். இளநீர்? வேண்டாம். வயிறு நிறையத் தண்ணீர் குடிக்கிறீர்களா? தலையை ஆட்டினார், ஆனால் இரண்டு மடக்குக்கு மேல் இறங்கவில்லை. தோட்டத்தில் தண்டுக்கீரை யாரும் கவனிக்காமல் இடுப்பு உயரம் வளர்ந்து கிடந்தது. இளசாகப் பார்த்துக் கிள்ளிக்கொண்டு வந்து, மார்க்கெட்டில் சீசன் தப்பி வந்த அவரையை வாங்கி, பஸ்ஸாரு வைத்தேன். உப்பு, புளி, காரம் எல்லாம் சரியாகப் போட்டேன். சோற்றில் பிசைந்து ஒரு ஸ்பூன் ஊட்டினேன். ரொம்ப நேரம் வாயில் வைத்திருந்தார்.

"இரும்பு மாதிரி இருக்கு" என்றார்.

எது கொடுத்தாலும் வாய் அப்படித்தான் இருக்கும், ரத்தத்தில் கழிவு ஏறினால் நாக்கு செத்துவிடும் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு ஸ்பூனுக்கு வாயைத் திறந்தார். நான் ஊட்டவில்லை. அதற்கு அடுத்த வாரம் விடிகாலையில் போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் காரியம். எங்கள் பக்கத்தில் அன்றைக்குப் படையல் உண்டு. செத்தவருக்கு எதெல்லாம் பிடிக்குமோ அதையெல்லாம் சமைத்து, தலைவாழை இலை போட்டு, படத்துக்கு முன்னால் படைக்க வேண்டும். படைக்கும்வரை யாரும் வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. உப்புக்கூடப் பார்க்கக் கூடாது. சமையலுக்கு ஆள் சொல்லலாம் என்றான் பையன். வேண்டாம், நானே செய்கிறேன் என்றேன். நாத்தனார் முந்தின நாளே வந்திருந்தார். காலையில் அடுப்படி வாசலில், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கூடமாட செய்யட்டுமாம்மா? எந்தம்பிக்கு..."

"நான் பார்த்துக்கறேன்கா" என்றேன். அவர் அப்படியே போய்க் கூடத்தில் உட்கார்ந்தார்.

தோட்டத்தில் தானாக முளைத்துக் கிடந்ததை எல்லாம் பறித்தேன். தக்காளி, தண்டுக்கீரை, சப்சிகே, சௌசௌ, கொத்தமல்லி. அவருக்குக் கூடாது என்றதையும் சேர்த்து அத்தனையும் சமைத்தேன். அழவில்லை. கை பாட்டுக்கு வேலை செய்தது, மனசு எங்கேயோ இருந்தது. முடித்து, இலையில் பரிமாறி, கற்பூரம் காட்டி, மொட்டை மாடியில் காக்கைக்கு வைத்தோம். வந்து எடுத்தது. அவரே வந்துவிட்டார் என்று யாரோ சொன்னார்கள். பிறகு எல்லோரும் பந்தியில் உட்கார்ந்தோம்.

முதல் வாய் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கீரையில் ஒன்றுமில்லை. தக்காளிக் கூட்டில் ஒன்றுமில்லை. சௌசௌவில் ஒன்றுமில்லை. உப்பு பேருக்கு. புளி இல்லை. நனைந்த துணி. எல்லாவற்றையும் பொடியாக நறுக்கியிருக்கிறேன், ஊறவைத்துக் கொட்டியிருக்கிறேன், வேகவைத்து வடித்திருக்கிறேன். எப்போது செய்தேன், எனக்கே தெரியாது. இத்தனை நாள் அவருக்குச் செய்த கை, அவருக்கு என்று நினைத்ததும் அதே மாதிரி செய்துவிட்டது. ஆசைப்பட்டதை எல்லாம் கொடுத்து அனுப்ப வேண்டிய அன்றைக்கும் அவர் இலையில் நான் போட்டது அதைத்தான்.

துக்க வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். சிலர் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டார்கள். பையன் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். என் நாத்தனார் மட்டும் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். கையில் எடுத்த கீரையை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அதுவரை தம்பியின் சட்டியிலிருந்து ஒரு வாய் தின்று பார்த்தவரில்லை.

"இன்னாம்மா," என்றார், "எந்தம்பி ரெண்டு வருஷமா இதைத்தான் துன்னானா?"

"ஆமாக்கா" என்றேன்.

அவர் மறுபடி குனிந்து, இலையில் ஒரு பருக்கை விடாமல், எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தார்.